பேருக்கு ஒரு ஸ்டேஷன்

சோளிங்கர் ரயில்வே ஸ்டேஷனில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. பிளாட்பாரம் உண்டு, மஞ்சள் பலகை உண்டு, பலகையில் மூன்று பாஷையில் ஊர்ப் பேர் உண்டு. ஊர் ஒன்றுதான் பாக்கி. அது வடக்கே 12, 13 கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில், ரயில் சத்தமே காதில் விழாமல் சௌக்கியமாக இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் இறங்கி நிற்கிற இடம் பாணாவரம்.

இதில் பாணாவரத்துக்காரர்களின் பாடு தனி. ஸ்டேஷன் அவர்கள் மண்ணில் இருக்கிறது. பலகையில் பேர் மட்டும் பக்கத்து ஊருடையது. சோளிங்கர்காரர்களுக்கோ பேர் பலகையில் இருக்கிறது. ஸ்டேஷன் அடுத்த ஊரில் இருக்கிறது. ஆளுக்குப் பாதி கொடுத்து இருவரையும் ஒரே நேரத்தில் அதிருப்தியில் வைப்பதை நிர்வாகம் என்பார்கள்.

அரக்கோணத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் நடுவே அமைதியாகக் கிடக்கிறதே, ஏதோ கிளைத் தடம் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பயணிகள் ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். அதற்கும் வெகு முன்பிருந்தே பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள். போயிருக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. அவர்களுக்கு சோளிங்கரின் பேர் தேவைப்பட்டது, ஊர் தேவைப்படவில்லை. ராஜாக்கள், தளபதிகள், கும்பெனிக்காரர்கள், மந்திரிகள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் இந்த ஊருக்கு ஓரமாகவே சரித்திரத்தை நடத்திவிட்டுப் போனார்கள்.

24 நிமிடத்தில் மோட்சம்

முதலில் ஊர்க்கதை. சோளிங்கருக்கு ஆழ்வார்கள் காலத்துப் பேர் திருக்கடிகை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கடிகை என்றால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். நரசிம்மரைத் தரிசிக்க வேண்டும் என்று சப்த ரிஷிகள் இங்கே வந்து தவத்தில் உட்கார்ந்தார்களாம்; ஒரே கடிகையில் காட்சி கிடைத்துவிட்டது. விசுவாமித்திரர் ஒரு கடிகை உட்கார்ந்து பிரம்மரிஷிப் பட்டத்தோடு எழுந்தார் என்பதும் தலபுராணம். வசிஷ்டர் வாயால் அந்தப் பட்டத்தை வாங்க அவர் எத்தனை யுகம் அலைந்தார் என்று நினைத்தால், ஊரின் வேகம் புரியும். இங்கே ஒரு கடிகை தங்கினால் மோட்சம் நிச்சயம் என்பது இன்றைக்கும் நம்பிக்கை.

ரயிலில் வந்து இறங்குகிற பக்தருக்கு இதில் ஒரு சிக்கல். மோட்சத்துக்கு 24 நிமிடம் போதும். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு அந்த 24 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தால், அது டிரைவர் செய்த புண்ணியம்.

அதோடு, ஊருக்குள் நுழைந்துவிட்டால் பெருமாளைப் பார்த்துவிட்டதாக அர்த்தமில்லை. மூலவரான யோக நரசிம்மர் இருப்பது கொண்டபாளையத்தில், பெரிய மலை உச்சியில், 1,305 படிக்கு மேலே. எதிரே சின்ன மலையில், 406 படி ஏறினால், யோக ஆஞ்சநேயர். நான்கு கைகள், அவற்றில் சங்கு சக்கரம், நரசிம்மரைப் பார்த்தபடி யோகத்தில் உட்கார்ந்த கோலம். இலங்கையைக் கொளுத்தியவரை ஒரு இடத்தில் உட்கார வைத்த சாதனை இந்த ஊருக்கு உரியது. உற்சவர் மலையில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் தனிக்கோயிலில் இருக்கிறார். ஆக மூலவர் ஒரு இடம், உற்சவர் ஒரு இடம், அனுமார் ஒரு இடம். ஸ்டேஷனும் தனியாக ஒரு இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ரயில்வேக்காரர்கள் நினைத்திருந்தால், தலத்தின் மரபை மதித்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

பேர் வைக்கிற வியாதி

ரயில் தடத்தில் சோளிங்கர் ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷன் மகேந்திரவாடி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் இங்கே ஒற்றைப் பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்கு ஒரு கோயில் செய்தான். நல்ல காரியம். செய்துவிட்டு, பாறையிலேயே கல்வெட்டும் வெட்டினான். அதன்படி ஊரின் பேர் மகேந்திரபுரம். ஏரியின் பேர் மகேந்திர தடாகம். கோயிலின் பேர் மகேந்திர விஷ்ணு கிருகம். விஷ்ணுவின் பேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது பாருங்கள், அதுவே பெரிய தாராளம். இன்றைக்குப் பேருந்து நிழற்குடையில் நன்கொடையாளர் பேரைப் பத்தடிக்குப் பெயின்ட் அடிக்கிறார்களே என்று அலுத்துக்கொள்கிறோம். நிழற்குடை பத்து வருஷத்தில் இடிந்துவிடும். மகேந்திரன் அந்த ஆபத்தை முன்கூட்டியே யோசித்துப் பாறையில் எழுதியவன்.

அவனுக்கு நகைச்சுவை தெரியாது என்றும் சொல்ல முடியாது. குடிகாரக் காபாலிகனையும் பௌத்த பிட்சுவையும் தெருவில் சண்டைக்கு விட்டு, 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு கேலி நாடகமே எழுதியவன். ஊரார் மேலெல்லாம் கேலி பாய்ந்தது. தன் பேர் பக்கம் மட்டும் வரவில்லை. ஆனாலும் கடைசியில் ஜெயித்தது அவன்தான். ஏறக்குறைய 1,200 வருஷம் கழித்து ரயில்வே வந்து, தன் செலவில் பலகை நட்டு அவன் பேரையே எழுதியது. அதற்கும் முந்தைய ஸ்டேஷன் அனவர்திகான்பேட்டை. 1749இல் ஆம்பூர்ச் சண்டையில் யானை மேல் இருந்தபடியே உயிரைவிட்ட ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் பேர் அதில் ஒலிக்கிறது. கொஞ்சம் மேற்கே போனால் அவர் மகன் முகமது அலி வாலாஜாவின் பேரில் வாலாஜா ரோடு. மகேந்திரன், அன்வருத்தீன், வாலாஜா என்று டிக்கெட் கவுன்டரில் நின்று வரிசையாகக் கேட்டால் தமிழ்நாட்டு வரலாற்றில் அரைப் பாடம் முடிந்துவிடும்.

பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் முறை. சோளிங்கர்ப் பாறையில் அவன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அவனுக்கு வேண்டிய கங்க மன்னன் இரண்டாம் பிருதிவிபதிக்கு 'பாணாதிராஜன்' என்று பட்டம் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. பாணர்களை அடித்து விரட்டியாகிவிட்டது. அவர்கள் பேரை மட்டும் வீணாக்க மனமில்லை, எடுத்து நண்பருக்குச் சூட்டியாகிவிட்டது. ஊர் ஒருவருடையது, பேர் இன்னொருவருக்கு என்கிற இந்த வட்டாரத்து வழக்கத்தை ரயில்வே ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

வீடு தேடி வந்தவர்

இப்படி எல்லோரும் ஓரமாகப் போன ஊருக்கு, ஒருவர் மட்டும் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள்.

சோளிங்கரில் தொட்டாச்சாரியார் என்ற வைணவப் பெரியவர் வாழ்ந்தார். வருஷா வருஷம் வைகாசி கருடசேவைக்குக் காஞ்சிபுரம் போய்விடுவார். ரயில் இல்லை, பஸ் இல்லை. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நடை. ஒரு வருஷம் முடியவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை. தக்கான் குளக்கரையில் நின்றுகொண்டு, இந்நேரம் கோபுர வாசலுக்கு வந்திருப்பாரே, இந்நேரம் குடை விரித்திருப்பார்களே என்று உருகி, 'தேவராஜ பஞ்சகம்' பாடினார். உடனே வரதர் கருடன் மேலேறி சோளிங்கரிலேயே காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம்.

இதில் காஞ்சிபுரம் தரப்பையும் யோசிக்க வேண்டும். லட்சோப லட்சம் பேர் கூடி நிற்கிற திருவிழாவில், நட்ட நடுவே, பெருமாள் ஒரு நிமிஷம் வெளியூர் போய்விட்டார். அதை இன்றுவரை மரியாதையாக அனுசரிக்கிறார்கள். கருடசேவையன்று கோபுர வாசலில் குடையால் பெருமாளை ஒரு கணம் மறைப்பார்கள். அந்தக் கணம் அவர் சோளிங்கரில் இருக்கிறார் என்று கணக்கு. அதற்குப் பேர் தொட்டாச்சாரியார் சேவை.

கவனித்தீர்களா? காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பியவர் மகேந்திரவாடியில் இறங்கவில்லை, பாணாவரத்தில் இறங்கவில்லை. ஊரின் நடுவே, குளக்கரையில், பக்தர் நின்ற இடத்தில் இறங்கினார். சோளிங்கர் வரலாற்றில் சரியான இடத்தில் நின்ற ஒரே வாகனம் அந்தக் கருடன்.

ஜெயித்தவர் அரிசி தேடிப் போன கதை

1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். அந்தக் காட்சியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் பெரிதாக வரைந்தே வைத்தார். அந்தத் தோல்வி மதராஸ் கும்பெனிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. வங்காளத்திலிருந்து ஐர் கூட் என்ற அயர்லாந்துக்காரத் தளபதியைக் கூட்டிவந்தார்கள். வயதும் நோயும் சேர்ந்திருந்த மனிதர். கோபத்துக்கு மட்டும் எந்த நோயும் இல்லை. 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரோடு மோதினார். ஆகஸ்ட் 27ஆம் தேதி மறுபடியும் பொள்ளிலூரில். செப்டம்பர் 27ஆம் தேதி சோளிங்கருக்குப் பக்கத்தில். மாதாந்திர மளிகைச் சீட்டுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகத் தேதி விழாது.

அன்று காலை கூட் ஒரு குன்றின் மேலேறிப் பார்த்தார். சில மைல் தள்ளி ஹைதரின் மொத்தப் படையும் கூடாரம் போட்டிருந்தது. ஹைதரிடம் இருந்த ஆட்கள் கூட்டின் ஆட்களைப் போலப் பல மடங்கு. ஆனால் அன்றைக்குச் சண்டை வரும் என்று ஹைதர் எதிர்பார்க்கவில்லை. யாரோ நோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். பீரங்கி இழுக்கிற மாடுகள் தூரத்தில் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. பல ராஜ்ஜியங்களின் தலையெழுத்தை மாற்றிய மனிதரின் தலையெழுத்து, அன்று மத்தியானம், எங்கோ புல் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளின் கையில் இருந்தது. மாடுகளுக்கு அவசரம் தெரியாது. பீரங்கிகளை நகர்த்த நேரம் வேண்டும் என்பதற்காக, ஹைதர் தன் குதிரைப்படையைக் கும்பெனிப் பீரங்கிகளின் வாய்க்கு நேரே பாயச் சொன்னார். பீரங்கிகள் பெரும்பாலும் தப்பின. குதிரைக்காரர்கள் தப்பவில்லை.

ஜெயித்தது கூட். ஜெயித்தவுடன் என்ன செய்தார்? சோளிங்கருக்குள் வெற்றி ஊர்வலமா? மலைக்கோயிலுக்குக் காணிக்கையா? அவர் படைக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கே வழியில்லை. வடக்கே பாளையக்காரர் சீமைப் பக்கம் அரிசி தேடிப் போனார். தோற்றவர் பீரங்கியை எடுத்துக்கொண்டு போனார், ஜெயித்தவர் அரிசியைத் தேடிக்கொண்டு போனார், சோளிங்கர் இருந்த இடத்தில் இருந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் சித்தூர்ப் பக்கம் ஒரு கூடாரத்தில் முதுகுக் கட்டியால் ஹைதர் இறந்தார். 1783இல் மதராஸில் கூட்டும் இறந்தார். எதிரிகளிடையே இவ்வளவு ஒற்றுமை அபூர்வம்.

பேர் மட்டும் வீணாகவில்லை. சண்டையில் நின்ற மதராஸ் சிப்பாய்ப் படைகளுக்கு 'சோளிங்கர்' என்பது போர்க்கௌரவமாகக் கொடுக்கப்பட்டது. மதராஸ் ரெஜிமென்ட்டின் பழைய கௌரவங்களின் பட்டியலில் அந்தப் பேர் இருக்கிறது. ஸ்டேஷன் வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே சோளிங்கரின் பேரை வெளியூருக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

பிரபு வந்தார், பிரபு போனார்

பரங்கிப்பேட்டைச் சண்டை முடிந்து சரியாக 75 வருஷம். 1856 ஜூலை 1ஆம் தேதி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ரயில் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது மதராஸ் ரயில்வே கம்பெனி. பம்பாயில் மூன்று வருஷத்துக்கு முன்பே தானேவுக்கு ரயில் விட்டுவிட்டார்கள் என்பதால் மதராஸ்காரர்களுக்கு மானப் பிரச்சினை.

அப்போது மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு. இதற்கு முன்பு மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட்டின் கவர்னராக இருந்தவர். இவருடைய தாத்தா ஜெனரல் ஹாரிஸ்தான் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்து, ஹைதரின் மகன் திப்புவின் கதையை முடித்தவர். இவருடைய மகனோ பின்னாளில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாகி, பம்பாய் கவர்னராகவும் வந்தார். தாத்தா கோட்டை பிடித்தார், பேரன் ரயில் விட்டார், கொள்ளுப்பேரன் மட்டை பிடித்தார். மூன்று தலைமுறையும் நம் செலவில்.

நம் செலவில் என்பதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரயில்வே கம்பெனி லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டியது. போட்ட முதலுக்கு வருஷம் ஏறக்குறைய 5 சதவீதம் நிச்சயம் என்று கிழக்கிந்தியக் கும்பெனி எழுதிக் கொடுத்தது. ரயிலில் அவ்வளவு லாபம் வராவிட்டால்? பற்றாக்குறையை இந்திய வரிப்பணத்திலிருந்து கட்டிவிடுவார்கள். அதாவது, சோளிங்கர் விவசாயி ரயிலில் ஏறினால் டிக்கெட் காசு. ஏறாவிட்டால் வரிக் காசு. எப்படியும் அவர் லண்டனில் யாரோ ஒரு சீமாட்டியின் தேநீருக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். இப்படியொரு ஏற்பாட்டில், ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று கவலைப்பட யாருக்குத் தேவை இருந்தது?

பாதையின் நோக்கமும் வேறு. படையும் பருத்தியும் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் போய்வர வேண்டும் என்பதுதான் டல்ஹவுசி பிரபுவின் கணக்கு. வரைபடத்தை விரித்து, அரக்கோணத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் தென்மேற்காக ஒரு கோடு இழுத்தார்கள். சோளிங்கர் மலைகள் வடக்கே ஒதுங்கி நின்றன. கோட்டை வளைத்தால் தூரம், செலவு. சாமி கும்பிடப் போகிறவர்களுக்காகக் கோடு வளையாது. இந்தியர்கள் ரயிலில் ஏறவே மாட்டார்கள், ஜாதி பார்ப்பார்கள், காசில்லாதவர்கள் என்று மெத்தப் படித்த துரைமார்கள் அப்போது சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். ரயில் ஓடத் தொடங்கியதும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இடிபட்டு ஏறிய கூட்டத்தைப் பார்த்து அவர்களே திகைத்தார்கள். ரயில்வேயின் பயணிகள் வருமானத்தில் பெரும்பங்கு அந்த மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வந்தது. அதில் பாதி பேர் ஏதாவது ஒரு சாமியைப் பார்க்கப் போகிறவர்கள்போலத்தான் மூட்டை கட்டியிருந்திருப்பார்கள்.

தப்பு புரிந்தது. பாதையைத் திருப்பிப் போடவா முடியும்? பலகையைத் திருப்பி எழுதினால் போதாதா? பக்கத்தில் பிரசித்தமான ஊர் எது, சோளிங்கர், சரி, அதையே எழுது. அந்தக் காலத்தில் இந்த ஸ்டேஷனில் இறங்கிய ஒரு ஆயாவை நினைத்துப் பார்க்கிறேன். மூட்டையோடு இறங்கி, வெளியே நிற்கிற ஜட்கா வண்டிக்காரரிடம் போகிறார்.

"ஏம்ப்பா, சோளிங்கரு எங்க இருக்குது?"

"இதான் ஆயா சோளிங்கரு."

"கோயிலு?"

"அது சோளிங்கர்ல இருக்குது."

"அப்ப இது இன்னா?"

"இது சோளிங்கரு ஸ்டேஷனு."

"எம்மாந் தூரம்ப்பா?"

"இதோ இக்கினியூண்டுதான். ஏறிக் குந்து ஆயா, பொழுதுக்குள்ள போயிடலாம்."

மருமகனுக்கு ஒரு நியாயம்

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரக்கோணத்திலிருந்து வடக்கே இன்னொரு பாதை போட்டார்கள், ரேணிகுண்டா வழியாக பம்பாய்ப் பக்கம். அது எங்கே போனது? நேராகத் திருத்தணிக்கு. முருகன் மலையடிவாரத்து ஊரிலேயே ஸ்டேஷன். இன்றைக்குச் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் உட்கார்ந்தால் திருத்தணியில் இறங்கலாம். அங்கே படியும் 365தான். திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. மருமகன் வீட்டு வாசலுக்கு ரயில். தாய்மாமனுக்கு 1,305 படியும் ஒரு ஜட்காவும். மாமன் யோகத்தில் இருப்பதால் பிரச்சினை பெரிதாகவில்லை.

மேற்கே பார்த்தாலும் இதே கதை. தோல் பதனிடுகிற ஆம்பூருக்கு ஊருக்குள்ளேயே ஸ்டேஷன். வாணியம்பாடிக்கும் அப்படியே. தோல் மூட்டை மதராஸ் துறைமுகம் போக வேண்டுமே, சும்மாவா? மாட்டுத்தோல் ஏறுகிற இடத்தில் ரயில் நின்றது. மனிதர் இறங்குகிற இடம் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மையும் மிஞ்சியவர்கள். ஆளரவமற்ற சின்ன ஸ்டேஷன்களைத் தேடிப் போவதையே அங்கே ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். ஹொக்கைடோ தீவில் கொபொரோ என்று ஒரு ஸ்டேஷன். இரண்டு சுரங்கப்பாதைகளுக்கு நடுவே, வெளியே போக ஒழுங்கான சாலைகூட இல்லாமல் இருக்கிறது. இதைத் தேவையில்லை என்று ரயில்வே மூடப் பார்த்தபோது, உள்ளூர் நகராட்சி, சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், பராமரிப்புச் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்றது. யமகுச்சி மாவட்டத்தில் 2019இல் இன்னொன்று திறந்தார்கள். அதற்கு உள்ளே வர வழியும் கிடையாது, வெளியே போக வழியும் கிடையாது. ரயிலிலிருந்து இறங்கி ஆற்றைப் பார்க்க வேண்டும், மறுபடி ரயிலில் ஏற வேண்டும், அவ்வளவுதான். சோளிங்கர் ஸ்டேஷனையும் 'இங்கே இறங்கினால் சோளிங்கர் தெரியாது' என்று விளம்பரம் செய்தால் ஜப்பானியர்கள் கேமராவோடு வரக்கூடும்.

வகயாமா மாவட்டத்து கிஷி ஸ்டேஷன் இன்னும் ஒரு படி மேலே. ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை என்று தமா என்ற பூனையை 2007இல் ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தார்கள். தொப்பி உண்டு, பதவி உயர்வு உண்டு, சம்பளம் பூனைத் தீனி. கூட்டம் அலைமோதியது. 2015இல் பூனை இறந்ததும் அதைத் தெய்வமாக்கிக் கோயிலும் கட்டிவிட்டார்கள். நம்மிடம் பூனைக்குப் பதில் பெரிய மலையில் ஒரு பட்டாளம் குரங்கு இருக்கிறது. தேங்காய் மூடி, வாழைப்பழம், கைப்பை என்று பயணிகளின் சுமையைக் குறைப்பதில் அனுபவம் வாய்ந்தவை. தெய்வ அந்தஸ்து வாங்க அவை சாகவும் வேண்டாம்; எதிர் மலையிலேயே அவர்கள் குலத்துப் பெரியவர் சங்கு சக்கரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நியமன உத்தரவு ஒன்றுதான் இன்னும் வரவில்லை.

வந்துகொண்டே இருக்கிற ரயில்

சரித்திரம் இத்தோடு களைத்துவிடவில்லை. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் திண்டிவனம்–நகரி புதுப் பாதைக்கு அனுமதி கிடைத்தது. சுமார் 180 கிலோமீட்டர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா, பிறகு சோளிங்கர்! அப்போது ரயில்வே இணையமைச்சராக இருந்தவர் அரக்கோணம் தொகுதி எம்.பி. ஆர். வேலு. மண்ணின் மைந்தர் கையில் ரயில்வே இலாகா, பட்ஜெட்டில் பாதை. 150 வருஷத்துக் குறை தீர்ந்தது என்று ஊரே நினைத்திருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ பட்ஜெட் வந்தது. இந்தப் பாதைக்குச் சில வருஷம் பணம் ஒதுக்கினார்கள், சில வருஷம் ஒதுக்கிவிட்டார்கள். தனி ரயில்வே பட்ஜெட் என்ற வழக்கமே ஒழிந்துபோனது. 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து, சோளிங்கரை ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்த்தார்கள். ஊர் மாவட்டம் விட்டு மாவட்டம் போய்விட்டது, ரயில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. 1853இல் பம்பாயில் ரயில் ஓடியதைப் பார்த்து வயிறெரிந்த மதராஸ்காரர்கள் மூன்று வருஷத்தில் 100 கிலோமீட்டர் போட்டுக் காட்டினார்கள். நமக்கு அந்த வயிற்றெரிச்சல் போதவில்லை.

நடுவில் 2022 நவம்பரில் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் சென்னை–மைசூரு இடையே ஓட ஆரம்பித்தது. எந்த வழியாக? இதே வழியாகத்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் முதல் வந்தே பாரத்தும் சோளிங்கர் பேர்ப்பலகையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. முதலாவது புகை விட்டுக்கொண்டு போனது, இரண்டாவது புகையில்லாமல் போகிறது. முன்னேற்றம் என்றால் அதுதான். பாசஞ்சரும் மெமுவும் பழைய விசுவாசத்தோடு நின்று போகின்றன.

இதில் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்னப் பழிவாங்கலும் இருக்கிறது. சோளிங்கரில் இருக்கிற பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று என்ன செய்கிறது தெரியுமா? பிரேக். காருக்கும் லாரிக்கும் பிரேக் பாகங்கள் செய்து நாடெங்கும் அனுப்புகிற பிரேக்ஸ் இந்தியாவின் ஆலை அங்கேதான் இருக்கிறது. ரயில்தான் நிற்கவில்லை; மற்றது எது நின்றாலும் எங்கள் புண்ணியம் என்று அவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

2024 மார்ச்சில் கடைசியாக ஒரு வண்டி வந்தே விட்டது. அதற்குத் தண்டவாளம் கிடையாது. கம்பியில் தொங்கிக்கொண்டு பெரிய மலைக்குப் போகிற ரோப்கார். அதுவும் பல வருஷம் இழுபறியாகக் கிடந்துதான் வந்தது. ஆனால் அது ஒரு விஷயத்தில் சரித்திரத்தைத் திருத்திவிட்டது. மலைக்குப் போகிறேன் என்று சொல்லி, மலைக்கே போகிறது. மகேந்திரவர்மனிலிருந்து மந்திரிகள் வரை யாருக்கும் வராத யோசனை.

இத்தனை பேரும் ஓரமாகப் போனதில் கோயிலுக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தால், ஒன்றுமில்லை. கூட் வருவதற்கு முன்பும் கூட்டம் இருந்தது, ஹாரிஸ் போன பிறகும் இருந்தது. பெருமாள் கண் திறப்பதாகச் சொல்கிற கார்த்திகை மாதத்தில் போய்ப் பாருங்கள், படியில் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஜனங்கள் யாரும் பட்ஜெட்டுக்காகக் காத்திருக்கவில்லை. நடந்தார்கள், மாட்டு வண்டி கட்டினார்கள், ஜட்காவில் இடிபட்டார்கள், பஸ்ஸில் தொங்கினார்கள். சோளிங்கரைப் பிழைக்க வைத்த போக்குவரத்து இலாகா அவர்களுடைய முழங்கால்தான். அதற்கு மட்டும் யாரும் பேர் வைக்கவில்லை, கல்வெட்டும் வெட்டவில்லை.

ஆகவே, போக நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. திருத்தணியிலோ அரக்கோணத்திலோ இறங்கி பஸ் பிடியுங்கள். 'சோளிங்கரு ஸ்டேஷன்ல எறங்கினா கிட்ட இல்லியா?' என்று மட்டும் கண்டக்டரிடம் கேட்காதீர்கள். அவர் சில்லறையை விட்டுவிட்டு 1856இலிருந்து ஆரம்பிப்பார். நரசிம்மர் யோகத்தில் இருப்பவர், உங்களுக்காகக் காத்திருப்பார். குரங்குகள்தான் காத்திருக்காது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.